எதுவும் செய்யப்படாத 125 பேர்

இரவு நலமாகப் படுத்தவர் காலையில் கண் விழிக்கும்போது ஒரு கண்ணின் பார்வைப் பரப்பில் ஒரு பாதி, பெரும்பாலும் கீழ்ப்பாதி, மங்கிக் கிடக்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஐம்பது வயதைக் கடந்தவர், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையவர் என்ற அளவில் மட்டுமே இவருக்கும் இதே துன்பம் நேர்ந்த பிறருக்கும் ஒற்றுமை காண இயலும். மருத்துவர் விழியினுள் ஒளி செலுத்திப் பார்க்கையில், விழிக்கோளத்தின் பின்புறத்தில் பார்வை நரம்பின் தலை வீங்கியிருக்கிறது. சில வாரங்களில் வீக்கம் வற்றுகிறது. வற்றிய இடம் வெளிறிப் போகிறது. வெளிறல் என்பது நரம்பிழைகள் மடிந்துவிட்டன என்பதற்கான அடையாளம்.

பார்வை நரம்பின் முன்முனைக்குக் குருதி போதாமையால் ஏற்படும் இச்சேதத்தில் இரு வகைகள் உண்டு. முதல் வகை தமனி அழற்சியால் வருவது. தலைவலி, மெல்லும்போது தாடைவலி, உச்சந்தலையில் தொட்டால் நோவு ஆகியவற்றோடு முதியோருக்கு வரும் அந்த வகையில், மிகுந்த அளவில் ஸ்டீராய்டு மருந்தை உடனடியாகத் தொடங்க வேண்டும். தாமதித்தால் மறு கண்ணும் சில நாட்களில் பறிபோகலாம் என்பதால், அதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு கிடையாது. அழற்சி ஏதுமின்றி வருவது இரண்டாம் வகை. எண்ணிக்கையில் மிகுதியானதும் இதுவே. இந்த இரண்டாம் வகைக்கு இன்றுவரை நிறுவப்பட்ட சிகிச்சை ஒன்றும் இல்லை. கைக்கொள்ளப்பட்ட முயற்சிகளோ பல.

இந்நோய்க்கு இன்று வழங்கும் பெயர் 1974இல் சூட்டப்பட்டது. சூட்டியவர் சோகன் சிங் ஹேரே. பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, லாகூரில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, நாட்டுப் பிரிவினையால் அதை அமிர்தசரஸில் முடித்தவர். 1950களின் பிற்பாதியில் பாட்டியாலா அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் பணியாற்றியபோது, ராம் தாஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து மனிதக் கண்ணின் தமனிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் பணியில் இறங்கினார். சடலங்களின் தமனிகளுக்குள் திரவ ரப்பரைச் செலுத்தி, அது இறுகியபின் மயிரிழை போன்ற கிளைகளை உருப்பெருக்கியின் கீழ் பிரித்தெடுப்பது அவர்களுடைய முறை. கருவிகள் எளியவை, பொறுமைதான் முதல். அவ்வாய்வுகள் 1960 முதல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் தொடர்ச்சியாக வெளிவந்தன. தொடக்கக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் சோகன் சிங் என்று மட்டுமே காணப்படும். ‘ஹேரே’ பின்னால் சேர்ந்தது. அதனால் நூலகப் பட்டியலில் அவருடைய முதல் கட்டுரைகள் வேறொருவருடையவை போலக் கிடக்கின்றன.

1961இல் பைட் நினைவு ஆய்வுதவி பெற்று லண்டன் சென்ற ஹேரே, குரங்குகளிடம் நடத்திய சோதனைகள் வழியாக ஓர் உண்மையை நிறுவினார். நரம்பின் தலைக்குக் குருதி வழங்குவதில் விழித்திரையின் மையத் தமனிக்கு முதலிடம் இல்லை. விழிக்கோளத்தின் பின்புறத்தில் நுழையும் சிறு சிலியரித் தமனிகளே அதைப் பெரிதும் ஊட்டுகின்றன என்பதே அது. ஒவ்வொரு தமனிக்கும் தனித்தனி எல்லை இருக்கிறது. இரு எல்லைகள் சந்திக்கும் இடம், இரு வாய்க்கால்களின் கடைமடை சந்திப்பதைப் போன்றது: நீர் குறைந்தால் முதலில் காய்வது அதுவே. உறக்கத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே தாழும். இரவில் விழுங்கிய இரத்த அழுத்த மாத்திரை அதை இன்னும் தாழ்த்தலாம். நோய் விடியற்காலையில் கண்டறியப்படுவதற்கு இதுவே காரணம் என்று 1990களில் அவர் வாதிட்டார். இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆயினும் இரவு மாத்திரையை எப்போது விழுங்குவது என்று மருத்துவர்கள் இன்று வினவுவதன் பின்னணியில் அந்த வாதம் இருக்கிறது.

இங்கே நரம்பின் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும். விழித்திரையின் உட்புறப் படலத்தில் கேங்கிலியான் என்னும் நரம்புயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் இழையை நீட்டுகிறது. ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம் இழைகள் ஒன்றுகூடி, விழிக்கோளத்தின் சுவரில் உள்ள ஒன்றரை மில்லிமீட்டர் அளவான துளை வழியே வெளியேறி மூளையை நோக்கிச் செல்கின்றன. துளை பிறவியிலேயே சிறுத்த சிலருக்கு இழைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்நோய் பெரிதும் அத்தகையோரையே தாக்குகிறது. குருதி குறைந்தால் இழைகள் வீங்கும். வீங்க இடமில்லாத துளைக்குள் வீங்கினால், வீக்கமே அண்டையிலுள்ள நுண்குழாய்களை நசுக்கும். நசுங்கினால் குருதி மேலும் குறையும். ஆகவே சேதம் ஒரே கணத்தில் முடிந்துவிடுவதில்லை. முதல் அடி விழுந்தபின் மெல்ல நகரும் இரண்டாம் அடி ஒன்று உண்டு. நரம்பைக் காக்க முடியும் என்ற நம்பிக்கை முழுவதும் இந்த இரண்டாம் அடியின் தாமதத்தில்தான் தங்கியிருக்கிறது.

அந்த நம்பிக்கையின் முதல் வடிவம் அறுவைச் சிகிச்சை. 1989இல் அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று, பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறையில் துளையிட்டு அங்குள்ள நீர்மத்தை வடியச் செய்தால், பார்வை படிப்படியாகக் குன்றிவந்த நோயாளிகளிடம் முன்னேற்றம் காணப்படுகிறது என்று அறிவித்தது. எண்ணிக்கை சிறிது; ஒப்பிட்டு நோக்க வேறு குழுவும் இல்லை. ஆனால் கண் எதிரே ஒருவர் பார்வை இழந்துகொண்டிருக்கையில், கையில் ஒரு கத்தியும் ஒரு கட்டுரையும் உள்ள மருத்துவர் சும்மா இருப்பது கடினம். சிகிச்சை விரைவாகப் பரவியது. மறு ஆண்டே அதே இதழில் ஹேரே மறுப்புரை எழுதினார். குருதிக்குழாயில் உள்ள குறையை நரம்பின் உறையைத் திறந்து எவ்வாறு சரிசெய்ய முடியும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பாட்டியாலாவில் தமனிகளை இழை இழையாகப் பார்த்தவரிடமிருந்து வேறு கேள்வி வந்திருக்க முடியாது.

வாதத்தை வாதத்தால் தீர்க்க இயலவில்லை. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் 1992இல் ஒரு சோதனையைத் தொடங்கியது. 25 மையங்கள் பங்கேற்றன. ஐம்பது வயதோ அதற்கு மேலோ உடைய, நோய் தொடங்கி 14 நாட்களுக்குள் வந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். 119 பேருக்கு அறுவைச் சிகிச்சை. 125 பேருக்கு எதுவும் இல்லை. ‘கவனமான தொடர் கண்காணிப்பு’ என்பது அந்த ‘எதுவும் இல்லை’க்கு இடப்பட்ட மரியாதையான பெயர்.

1994 அக்டோபரில் புதிய நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1995இல் முடிவுகள் வெளியாயின. ஆறாம் மாதத்தில், அறுவைச் சிகிச்சை பெற்றோரில் 32.6 விழுக்காட்டினர் எழுத்துப் பலகையில் மூன்று வரியோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தனர். எதுவும் செய்யப்படாதவர்களில் அவ்வாறு முன்னேறியோர் 42.7 விழுக்காடு. மூன்று வரியோ அதற்கு மேலோ இழந்தவர்களின் கணக்கு இதைவிடக் கொடியது: அறுவைக் குழுவில் 23.9, மற்றதில் 12.4. பார்வையைக் காப்பதற்கென்று செய்யப்பட்டது, பார்வையை இழக்கும் அபாயத்தை ஏறத்தாழ இருமடங்காக்கியிருந்தது. அச்சிகிச்சை இந்நோய்க்கு அத்துடன் கைவிடப்பட்டது.

இம்முடிவின் முதன்மைப் பயன் ஓர் அறுவையை நிறுத்தியது மட்டும் என்று கொள்ளுதல் குறைவான மதிப்பீடாகும். அதுவரை பாடநூல்கள் இந்நோயில் இழந்த பார்வை பெரும்பாலும் மீளாது என்றே எழுதிவந்தன. அப்படியானால் ஒருவர் முன்னேறினால் அந்தப் பெருமை மருந்துக்கோ மருத்துவருக்கோ உரியதாகிவிடும். பத்தில் நால்வர் தாமாகவே முன்னேறுகிறார்கள் என்பது அந்தச் சோதனையில்தான் ஐயத்துக்கு இடமின்றித் தெரியவந்தது. வீக்கம் வற்றுவதால் சில இழைகள் உயிர்க்கின்றன. மீதமுள்ள பார்வைப் பரப்பைச் சாய்த்து நோக்கிப் படிக்கவும் நோயாளி கற்றுக்கொள்கிறார். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களிலும் முன்னேற்றம் ஏறத்தாழ 30 விழுக்காடாகச் சமமாகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே சோதனையின் தொடர்ச்சியில், ஐந்தாண்டுகளுக்குள் மறு கண்ணிலும் நோய் வரும் வாய்ப்பு 14.7 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. ஒரு கண்ணை இழந்தவர் தம் மருத்துவரிடம் முதலில் கேட்கும் கேள்விக்கு நேர்மையான விடை அப்போதுதான் கிடைத்தது.

அறுவை தோற்றபின் நம்பிக்கை குழாய்களை விட்டு உயிரணுக்களின் பக்கம் திரும்பியது. அதன் வேர் விழித்திரையிலேயே இருந்தது. 1957இல் லூகாஸ், நியூஹவுஸ் என்னும் இருவர், பால்குடி மறவாத சுண்டெலிகளுக்குக் குளுட்டமேட் உப்பை ஊசிவழி செலுத்தியபோது, விழித்திரையின் உட்புறப் படலங்கள் அழிந்துபோனதைக் கண்டனர். குளுட்டமேட் நரம்புகள் தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் பொருள். அளவுக்கு மீறினால் அதுவே நஞ்சாகிறது. 1969இல் ஜான் ஓல்னி இதே அழிவை எலிகளின் மூளையில் கண்டு, மிகைத் தூண்டலால் உயிரணு மடிகிறது என்னும் கோட்பாட்டை வகுத்தார். அக்கோட்பாடு பக்கவாத ஆய்வுகளை இரண்டு தலைமுறைக் காலம் ஆண்டது. கண்ணில் பிறந்த கருத்து மூளைக்குச் சென்று பெயர் பெற்றுப் பின் கண்ணுக்குத் திரும்பியது.

1996இல் லெனார்ட் லெவின் குழுவினர், குருதிக்குறையால் பார்வை நரம்பு கெட்ட மனிதக் கண் ஒன்றின் விழித்திரையை ஆராய்ந்து, கேங்கிலியான் உயிரணுக்கள் நசிந்து சிதையவில்லை, உயிரணுவுக்குள்ளேயே எழுதப்பட்ட ஒழுங்கின்படி தம்மைத் தாமே முடித்துக்கொள்கின்றன என்று காட்டினர். நோக்கத்தக்க செய்தி இது. சிதைவைத் தடுக்க முடியாது. ஒழுங்கான செயலுக்கோ படிகள் உண்டு; ஏதேனும் ஒரு படியில் அதைத் தடுத்து நிறுத்தலாம். எந்தப் படி என்பதே அதன்பின் கேள்வியாயிற்று.

கேள்வியைச் சோதிக்க விலங்கு வேண்டும். 2003இல் பால்டிமோரில் ஸ்டீவன் பெர்ன்ஸ்டீன் குழுவினர் எலியின் குருதியில் ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தைச் செலுத்தி, நரம்பின் தலைமீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, அங்குள்ள நுண்குழாய்களை மட்டும் அடைக்கும் முறையை உருவாக்கினர். நோய் வருமுன்னே, வந்த மறு மணியில், வந்த மறு நாளில் என்று விரும்பிய வேளையில் மருந்து கொடுத்துப் பார்க்க இதனால் வழி பிறந்தது. எலிகள் நன்றாகவே பிழைத்தன. எலிகள் எப்போதும் நன்றாகவே பிழைக்கின்றன. பக்கவாதத் துறையில் அதுவரை ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகளை 2006இல் ஒரு குழு எண்ணிப் பார்த்தபோது 1026 வந்தது. அவற்றுள் நரம்பைக் காக்கும் மருந்தென்று உலகெங்கும் ஏற்கப்பட்டு மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்து நிலைத்தது எதுவும் இல்லை.

கண்ணின் கதையும் அவ்வாறே சென்றது. கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாக வழங்கும் பிரிமோனிடின், எலிகளின் கேங்கிலியான் உயிரணுக்களைக் காத்தது. ஐரோப்பாவில் அதை இந்நோயாளிகளிடம் சோதித்தபோது 36 பேரை மட்டுமே சேர்க்க முடிந்தது. தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. குளுட்டமேட்டின் கதவை அடைக்கும் மெமாண்டின் மாத்திரை, இந்நோய்க்கு நெருங்கிய உறவான கண்ணழுத்த நோயில் 2298 பேரிடம் நான்காண்டுகள் சோதிக்கப்பட்டது. முதன்மை நோக்கத்தில் அது வெல்லவில்லை. 2008ஐ ஒட்டி அறியப்பட்டுவிட்ட இத்தோல்வியின் முழு விவரம் 2018இல்தான் ஆய்விதழில் அச்சேறியது. வெற்றியாயின் பத்தாண்டுக் காத்திருப்பு நேர்ந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

இடையில் ஸ்டீராய்டு விவாதம் ஒன்று எழுந்தது. வீக்கமே இரண்டாம் அடி என்றால் வீக்கத்தை வற்றச் செய்யும் மருந்து நரம்பையும் காக்க வேண்டும் என்பது தருக்கம். 2008இல் இதை முன்வைத்தவர் வேறு யாருமல்லர், ஹேரேதான். அயோவாவில் அவர் பார்த்துவந்த 613 நோயாளிகளிடம் மருந்தின் நன்மை தீமைகளைச் சொல்லி, கொள்வதும் தள்ளுவதும் அவரவர் விருப்பம் என்று விட்டார். 312 பேர் கொண்டனர். 301 பேர் தள்ளினர். நோய் தொடங்கி இரு வாரத்துக்குள் வந்த, பார்வை மிகக் குன்றியிருந்த கண்களில், மருந்து கொண்டோரில் 69.8 விழுக்காடு முன்னேற்றம், கொள்ளாதோரில் 40.5 விழுக்காடு. வேறுபாடு பெரிது. ஆனால் குலுக்கல் இல்லை. நீரிழிவு கடுமையாக உள்ளவர், இதய நோயுள்ளவர் ஸ்டீராய்டை மறுத்திருக்கக்கூடும். அவ்வாறாயின் இரு குழுக்களும் தொடக்கத்திலேயே வேறுபட்டவை. அறுவைச் சிகிச்சையாளரிடம் ஹேரே எந்தக் கறார்த்தன்மையை எதிர்பார்த்தாரோ, அதே கறார்த்தன்மையைப் பிறர் அவரிடம் எதிர்பார்த்தனர். அவர் தம் முடிவை இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இவ்விவாதத்தில் எவரும் போதிய கவனம் தராத எண் ஒன்று உண்டு. மருந்து பெறாத அயோவா நோயாளிகளின் 40.5, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களின் 42.7 என்ற கணக்கை ஏறத்தாழ அப்படியே திரும்பச் சொல்கிறது.

குலுக்கல் முறையில் அதைச் சோதித்தது டெல்லி. அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கண் மருத்துவ மையத்தில் ரோகித் சக்சேனா குழுவினர் 38 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்தனர். 2018இல் வெளியான முடிவின்படி நரம்பின் வீக்கம் மருந்து பெற்றோரிடம் விரைவாக வற்றியது. எழுத்துப் பலகையில் படிக்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 38 பேர் என்பது இவ்விவாதத்தை மூடப் போதாது என்பது உண்மை. எனினும் வீக்கம் வற்றுவதும் பார்வை மீள்வதும் ஒன்றல்ல என்பதை அது எடுத்துக்காட்டியது. நீரிழிவுக்காரர் மிகுந்த இந்நாட்டில், வாரக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பது விலையில்லாப் பரிசோதனையும் அன்று. சர்க்கரை அளவு ஏறும், கண்ணழுத்தம் ஏறும், தொற்று வரும்.

அண்மைக் காலத்தின் பெரிய முயற்சி, தன்னழிவின் படியொன்றை நேரே அடைத்துப் பார்த்தது. காஸ்பேஸ்-2 என்பது உயிரணுவைத் தன்னழிவுக்கு அழைத்துச் செல்லும் நொதிகளுள் ஒன்று. 2011இல் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள், இந்நொதியை உருவாக்கும் செய்தியைச் சிறு ஆர்.என்.ஏ. துண்டால் அணைத்துவிட்டால், நரம்பு நசுக்கப்பட்ட எலிகளில் கேங்கிலியான் உயிரணுக்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன என்று காட்டினர். அதே கட்டுரையில் மற்றொரு செய்தியும் இருந்தது: உயிரணுக்கள் பிழைத்தன, ஆனால் அறுந்த இழைகள் மீண்டும் வளரவில்லை.

இந்த இரண்டாவது செய்தி உரிய அளவுக்குப் பேசப்படவில்லை. குருதிக்குறை தாக்குவது இழையை, அதுவும் நரம்பின் தலையில். உயிரணுவின் உடல் இருப்பதோ விழித்திரையில். உடலைக் காப்பாற்றிவிட்டோம், இழை அறுந்திருக்கிறது என்றால், கம்பி அறுந்த தொலைபேசியின் முன் பேச்சாளரை உயிரோடு அமர்த்தியது போலாகும். நுண்ணோக்கியின் கீழ் உயிரணுக்களை எண்ணும்போது வெற்றி. நோயாளி பலகையைப் படிக்கும்போது மௌனம். எலியிடம் எண்ணப்பட்டது உயிரணு. மனிதரிடம் கேட்கப்பட்டது எழுத்து. இடைப்பட்ட தூரத்தை அளக்காமலேயே பல மருந்துகள் எலியிலிருந்து மனிதருக்குத் தாவின.

காஸ்பேஸ்-2ஐ அணைக்கும் அம்மருந்தைக் குவார்க் என்னும் நிறுவனம் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் வடிவில் 2016இல் பெரிய அளவில் சோதிக்கத் தொடங்கியது. அமெரிக்கா, சீனா, இஸ்ரேல், இத்தாலி முதலியவற்றோடு இந்தியாவும் அதில் இடம்பெற்றது. 700க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். ஒப்பீட்டுக் குழுவினருக்கு ஊசி குத்துவது போன்ற பாவனை மட்டும் செய்யப்பட்டது. நோய் தொடங்கி 14 நாட்களுக்குள் வந்தவர்களே ஏற்கப்பட்டனர். தொடர்ந்தாலும் பயன் வெளிப்பட வாய்ப்பில்லை என்பதால் 2019இல் சோதனை நிறுத்தப்பட்டது.

அந்த 14 நாட்கள் 1992ஆம் ஆண்டுச் சோதனையிலும் இருந்தவையே. எலிக்கு மருந்து சில மணி நேரத்தில் கிடைக்கிறது. மனிதர் காலையில் மங்கலைக் கண்டு, கண்ணைக் கழுவிப் பார்த்து, கண்ணாடி மாற்ற வேண்டும் போலும் என்று எண்ணி, வாரம் கடந்து ஊர் மருத்துவரிடம் போய், அங்கிருந்து நகரத்துக்கு அனுப்பப்படுகிறார். வலித்தால் ஓடியிருப்பார், இந்நோய் வலிப்பதில்லை. பக்கவாதத்துக்கு மணிக்கணக்கு என்று ஊரெங்கும் சொல்லப்படுகிறது; பார்வை நரம்பின் அடைப்புக்கு அப்படியொரு கணக்கைச் சொல்லவும் மருத்துவரிடம் ஒன்றும் இல்லை. விரைந்து வந்தவருக்குக் கொடுக்க மருந்தில்லை. மருந்தைச் சோதிக்க விரைந்து வருவோர் இல்லை.

நிறுத்தப்பட்ட அச்சோதனையின் பதிவேடுகள் வீணாகவில்லை. இந்நோய் எந்த வயதில், எவ்வித உடல்நிலையில், எந்த நாட்டவருக்கு எவ்வாறு தொடங்குகிறது என்பதை 80 மையங்களிலிருந்து ஒரே முறையில் திரட்டிய விவரம் அது. 2024இல் அதன் பகுப்பாய்வு வெளியானது. இனி வரும் எந்த மருந்தும் இந்த எண்களோடும் 1995ஆம் ஆண்டின் 42.7 என்ற எண்ணோடும் தன்னை ஒப்பிட்டாக வேண்டும். ஹேரே 2022இல் மறைந்தார்.